வெள்ளைத் தொப்பிக்காரிகள்

நான் ஓய்வு பெற்ற அன்று எனக்கொரு பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டல் ஓயும் முன்பே அதன் ஓரத்தைப் புரட்டி, ஏற்கெனவே வேறு யாருக்காவது போர்த்தியதா என்று பார்த்துவிட்டேன். மடிப்புக்கோடு பழசாகத்தான் இருந்தது. என் புத்தி அப்படி. பஸ்ஸில் மீதிக்காசை இரண்டு தரம் எண்ணுவேன். டொக்டர் "ஒன்றும் இல்லை" என்றால் இன்னொரு டொக்டரிடம் போவேன்.

ஸ்கேட்போர்ட் பயிற்சியாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். பலகை ஓட்டுவதைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. நீங்கள் எல்லோரும் என்னைவிட நன்றாக ஓட்டுவீர்கள். நான் தோட்டப் பாடசாலையில் உடற்பயிற்சி டீச்சராக இருந்துவிட்டு, தலை நரைக்கத் தொடங்கிய பிறகு இந்த வேலைக்கு வந்தவள். சமதரையில் விழாமல் நேராகப் போகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் ஒரு பிள்ளை எந்தத் தரத்தில் இருக்கிறாள் என்று முடிவு செய்கிற வேலை உங்கள் தலையில்தான் விழப்போகிறது. அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

ருவான்வெல்லைக்கு மேலே, தோட்டத்தில் ரப்பர் ஷீட் காயவைத்த பழைய கட்டடம் ஒன்று பூட்டிக் கிடந்தது. பரந்த சீமெந்துத் தரை, உயரமான தகரக் கூரை. தோட்டத்தை நடத்துகிற துரையிடம் கேட்டு வாங்கி, மரத்தில் இரண்டு சறுக்குமேடைகள் அடித்து, அதைத்தான் கிரவுண்ட் ஆக்கினோம். எத்தனை தரம் கழுவினாலும் மழைக்காலத்தில் அந்தத் தரையிலிருந்து ரப்பர் புகை வாசம் எழும்பும். இன்றும் எழும்பும் என்று நினைக்கிறேன்.

எனக்கு வேலை பழக்கியவள் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெண். என் வயதில் பாதிகூட இருக்காது. சில மாதங்கள் இருந்துவிட்டுப் போய்விட்டாள். போவதற்கு முன் அவள் சொன்னது ஒன்றைத்தான் நான் வேலை முழுவதும் பிடித்துக்கொண்டிருந்தேன். ஓட்டுவதைப் பார்த்துத் தரம் சொல்லாதே, விழுவதைப் பார்த்துச் சொல் என்றாள். ஓட்டுவதில் ஆள் பாவனை காட்டலாம், விழும்போது உடம்பு தனக்குத் தெரிந்ததைச் செய்துவிடும் என்றாள். முதலில் அதையும் நான் நம்பவில்லை. பிள்ளைகள் விழ விழப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

தரங்களுக்கு நாங்கள் ஹெல்மட் நிறம் வைத்திருந்தோம். ஆரம்பத்துக்கு வெள்ளை, அடுத்தது மஞ்சள், கடைசி சிவப்பு. பிள்ளைகள் அதைத் தொப்பி என்பார்கள். வெள்ளைத் தொப்பிப் பெண்பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை பின்னேரம் தனி நேரம். ரப்பர் பால் வெட்டப் போய் வந்த அம்மாமார் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். மஞ்சள் வாங்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை, ஆண் பெண் எல்லோரும் சேர்ந்து. தோட்டத்துப் பையன்கள், பஜார் பக்கத்துச் சிங்களப் பையன்கள் எல்லோரும், எந்தத் தொப்பியானாலும், அன்றைக்குத்தான் வருவார்கள். இந்த ஏற்பாட்டைச் செய்தது எங்கள் அமைப்பின் கொழும்பு அலுவலகம். பெண்பிள்ளைகளை எப்போதும் தனியே வைத்தால் அது சமத்துவம் இல்லையாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பெண்பிள்ளைகள் நிறையப் பேர் வந்தார்கள். மழை பெய்தாலும் வந்தார்கள். ஆனால் ஒருத்திகூட மஞ்சளுக்கு ஏறவில்லை. அவர்கள் தொடங்கிய அதே காலத்தில் தொடங்கிய பையன்கள் சிவப்பு போட்டுக்கொண்டு மேடை விளிம்பில் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள். இவர்களோ இன்னும் பலகை மேல் ஏறி, இரண்டு கையையும் விரித்து, "ஐயோ மிஸ்" என்று கத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஒருநாள் கொழும்பு மேடம் போன் எடுத்தார். எங்கள் மாதிரி கிரவுண்ட்களை எல்லாம் மேற்பார்வை செய்கிறவர் அவர்தான்.

"டீச்சர், பெண்பிள்ளைகள் வருகை நல்லா இருக்கு. ஆனா திறமை ஏறவே இல்லையே. இவ்வளவு நாள் ஆகியும் ஒருத்தியாவது மேல போக வேணாமா?"

"வருவாங்க மேடம். கொஞ்சம் பொறுங்க."

"நான் வந்து பார்க்கிறேன். முன்னேற்றம் இல்லாட்டி அந்தச் சனிக்கிழமை நேரத்தைப் பையன்களுக்குக் குடுக்கத்தான் வேணும். பெண்பிள்ளைகள் தகுதி வந்ததும் ஞாயிற்றுக்கிழமையில சேரட்டும்."

தகுதி வந்ததும் சேரட்டும் என்றால், சனிக்கிழமை இல்லாமல் தகுதி எங்கிருந்து வரும் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. பேச்சு முடிவதற்குள் போனை வைத்துவிடுகிறவர் அவர். அவர் முன்பே முடிவெடுத்துவிட்டார் என்று எனக்குப் பட்டது. அந்த வாரமே பஜாரில் பையன்கள் "சனிக்கிழமை இனி நமக்குத்தான்" என்று பேசிக்கொள்வது என் காதுக்கு வந்தது. ஆக, பார்க்க வருவதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான்.

அந்த நேரம் போய்விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் பெரியவளான பெண்ணைப் பையன்களோடு ஒரே தரையில் ஓட்ட விடுகிற வீடு விரல்விட்டு எண்ணக்கூடியது. சனிக்கிழமை போனால் பெண்பிள்ளைகளும் போனார்கள். திரும்ப வரமாட்டார்கள்.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கத் தொடங்கினேன். ஏன் ஏறவில்லை? முதலில் பலகைகள் மேல் சந்தேகம். பையன்கள் நல்ல சக்கரங்களைக் கழற்றித் தங்களுடையதில் பூட்டிக்கொண்டார்களோ என்று ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தேன். எல்லாம் நன்றாகவே சுற்றின. பிறகு அம்மாமார் மேல் சந்தேகம். வீட்டில் ஏதாவது சொல்லிப் பயம் காட்டுகிறார்களோ? அப்படியும் தெரியவில்லை. அவர்கள்தான் சுவரோரத்திலிருந்து "காலை அகட்டி வைடி" என்று எனக்கு முன்னால் கத்துகிறவர்கள்.

பிறகு ரேணுகா விழுந்தாள்.

ரேணுகா உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தவள். வெள்ளைத் தொப்பிகளில் மூத்தவள். அப்பா இல்லை. அண்ணன் சுதாகர் ருவான்வெல்லையில் திரீவீல் ஓட்டுகிறான், அவன் சொல்தான் வீட்டில் சட்டம். அன்று அவள் சின்ன மேடையிலிருந்து இறங்கும்போது பலகை வழுக்கிவிட்டது. புதிதாக ஓட்டுகிறவர்கள் விழுந்தால் கையை நீட்டி ஊன்றுவார்கள். மணிக்கட்டு போவது அப்படித்தான். இவள் கையை உள்ளே மடக்கிக்கொண்டு, தோளில் விழுந்து, ஒரு சுற்று உருண்டு, எழுந்து நின்றாள். நின்றதும் முழங்காலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் கவனித்தேனா என்று பார்த்தாள். உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டு "ஐயோ மிஸ்" என்றாள்.

எனக்கு மூக்கில் வியர்த்தது. நூறு தரம் விழுந்து எழும்பாமல் அப்படி விழ வராது. இவள் எங்கே விழுந்தாள்? எப்போது விழுந்தாள்?

எல்லோரும் போன பிறகு பெண்பிள்ளைகளின் பலகைகளைத் திருப்பிப் பார்த்தேன். பலகையின் வாலை ஓங்கி மிதித்து, பலகையோடு சேர்ந்து எம்புவதை ஒல்லி என்பார்கள். அதைப் பழகுகிறவர்களின் பலகை வால் தேய்ந்து நார்நாராகிவிடும். வெள்ளைத் தொப்பிகள் ஒல்லி பழகுவதில்லை. ஆனால் அவர்களுடைய பலகைகளில் பாதிக்கு மேல் வால் தேய்ந்திருந்தது.

சாவி இரண்டு பேரிடம்தான். ஒன்று என்னிடம், மற்றது வாச்சர் சோமபாலவிடம். சோமபால நல்ல மனுஷன், ஆனால் பின்னேரங்களில் கொஞ்சம் கசிப்புச் சாராய நாற்றம் வரும். பஜார்ப் பையன்களிடம் ஒரு போத்தலை வாங்கிக்கொண்டு பலகைகளைக் கொடுக்கிறான் என்று முடிவு கட்டி, அவனை நிறுத்திக் கேட்டேன்.

"அனே மிஸ், என் தருவோ மேல சத்தியம்," என்றான், தன் பிள்ளைகள் மேல். "பொடியன்களுக்கு நான் ஒருநாளும் போர்ட் குடுத்தது இல்ல."

"யாருக்குமே குடுத்ததில்லையா?"

"பொடியன்களுக்கு ஒருநாளும் இல்ல மிஸ்."

இரண்டு தரமும் பொடியன்கள் என்றுதான் சொன்னான். பொய்ச் சத்தியம் செய்யப் பயப்படுகிற ஆள் அப்படித்தான் வார்த்தையை அளந்து பேசுவான். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஒருவர் எதை மறுக்கிறார் என்று கேட்கும்போதே எதை மறுக்கவில்லை என்றும் கேளுங்கள். இந்த வேலையில் அது மிகவும் உதவும்.

வீட்டுக்கு நடக்கும்போது இன்னொன்றும் உறைத்தது. பௌர்ணமி விடுமுறையான போயா தினங்களில் கிரவுண்ட் பூட்டு. ஆனால் போயா முடிந்து நான் போகிற முதல் நாள் தரை துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். மூலையில் ஒட்டடைகூட இருக்காது. சோமபாலவின் பெண்சாதி குசுமா நல்ல சுத்தக்காரி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கூட்டுகிற மற்ற நாட்களில் ஒட்டடை அங்கேயே தொங்கிக்கொண்டிருப்பதை இவ்வளவு நாளும் நான் யோசிக்கவே இல்லை.

அடுத்த போயா காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். ஆண்கள் பாதிப்பேர் பன்சலையில் புத்தரைக் கும்பிடவும் மற்றவர்கள் கிரிக்கெட்டுக்கும் போயிருந்தார்கள். ரோட்டில் ஆள் இல்லை. கட்டடத்தின் பெரிய கதவு சாத்தியிருந்தது. வெளியே குசுமா முக்காலி போட்டு உட்கார்ந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவள் கை நின்றது.

"அனே மிஸ், சத்தம் போட வேணாம். எல்லாம் நல்ல பிள்ளைகள்," என்றாள், கதவுக்கு முன்னால் எழுந்து நின்றுகொண்டு.

நான் கேட்கும் முன்பே நல்ல பிள்ளைகள் என்று சொல்கிறாளே என்று அவளை விலக்கிவிட்டுக் கதவைத் தள்ளினேன்.

பிள்ளைகளே, அந்தக் காட்சியை எப்படிச் சொல்வது? விளக்குமாறுகள் சுவரில் சாய்ந்து கிடந்தன. கூட்டி முடித்திருந்தார்கள். என் வெள்ளைத் தொப்பிகள் அத்தனை பேரும் அந்தத் தரையில் சுழன்றுகொண்டிருந்தார்கள். "ஐயோ மிஸ்" என்று கத்துகிற பெண்கள் ஒருவரை ஒருவர் உரசாமல் குறுக்கும் நெடுக்குமாகப் போகிறார்கள். ஒருத்தி ஒல்லி போட்டு ஒரு விளக்குமாற்றைத் தாண்டினாள். ரேணுகா பெரிய மேடையில் ஏறி, விளிம்பில் ஒரு கணம் நின்று, அப்படியே திரும்பி இறங்கி, எதிர்மேடையிலும் ஏறித் திரும்பினாள். சிவப்புத் தொப்பிப் பையன்களில் இரண்டு பேருக்குத்தான் அது வரும்.

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். அது வடிவதற்குள் கோபமும் வந்துவிட்டது.

பலகைகள் ஒவ்வொன்றாக நின்றன.

"எத்தனை நாளா என் காதுல பூச்சுத்துறீங்க?" என்றேன்.

ரேணுகாதான் முன்னால் வந்தாள். "மஞ்சத் தொப்பி போட்டா ஞாயித்துக்கிழமை பசங்களோட ஓட்டணும் மிஸ். பசங்களோட ஓட்டினா எங்க அண்ணன் விடமாட்டான். இவ அப்பா விடமாட்டாரு. அவ மாமா விடமாட்டாரு. வெள்ளத் தொப்பின்னா சின்னப் புள்ளைங்க வெளையாட்டுன்னு சும்மா விட்டுருவாங்க. அதான் ஒருத்தியும் ஏறக் கூடாதுன்னு பேசி வச்சோம்."

"வீட்டுல இன்னிக்கு எங்க போறதா சொன்னீங்க?"

"சிரமதானம்னு. கிரவுண்ட் கூட்டப் போறோம்னு. அது பொய் இல்ல மிஸ், கூட்டிட்டுத்தான் ஓட்டுறோம்."

பொய் இல்லையாம். சோமபாலவிடம் பாடம் படித்திருக்கிறார்கள்.

"சரி. என்கிட்ட ஏன் சொல்லல?"

ரேணுகா மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "உங்ககிட்ட சொன்னா நீங்க மஞ்சத் தொப்பி குடுத்திருப்பீங்க மிஸ். நீங்க நேர்மையான ஆளு."

ஊரையே சந்தேகப்பட்டுக்கொண்டு நான் திரிந்தேன். இவர்கள் என் நேர்மையைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். அதுவும் சரியாக.

மேடம் வரப்போவதைச் சொன்னேன். சனிக்கிழமை போகிற கதை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். பஜாரில் கேட்டதாகச் சுதாகர் வீட்டில் சொல்லியிருந்தான். சொல்லும்போது அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்ததாம். இப்போது பாருங்கள், அவர்கள் எப்படி மாட்டிக்கொண்டிருந்தார்கள் என்று. ஓட்டத் தெரியாத மாதிரி நடித்தால், முன்னேற்றம் இல்லை என்று மேடம் நேரத்தைப் பிடுங்குவார். தெரிந்ததைக் காட்டினால், மஞ்சளைக் கொடுத்து ஞாயிற்றுக்கிழமைக்கு அனுப்புவார், வீட்டில் நிறுத்துவார்கள். எந்தப் பக்கம் போனாலும் இந்தத் தரை அவர்களுக்கு இல்லை.

"காட்டுங்க," என்றேன். "தெரிஞ்ச எல்லாத்தையும் காட்டுங்க. தரம் பாக்குறது என் வேலை. அத எங்கிட்ட விடுங்க."

"என்ன மிஸ் செய்வீங்க?"

"சொல்ல மாட்டேன்."

சொல்லாததற்குக் காரணம், எனக்கே தெரியாது. அது அவர்களுக்கும் புரிந்திருக்கும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தியும் சரி என்று சொல்லவில்லை.

மேடம் வந்த சனிக்கிழமை லயமே திரண்டு வந்துவிட்டது. கொழும்பு வாகனம் ஏறி வந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். அம்மாமார், அப்பாமார், கைக்குழந்தைகள் எல்லோரும். வாசலுக்கு வெளியே திரீவீலில் சாய்ந்துகொண்டு, கையைக் கட்டிக்கொண்டு சுதாகர். ஞாயிற்றுக்கிழமைப் பையன்களும் ஒரு பக்கம். அவர்களை யார் வரச் சொன்னது என்று மேடத்தைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்க்கவில்லை.

தொடங்கச் சொன்னேன். ஒருத்தி ஏறினாள், கையை விரித்தாள், "ஐயோ மிஸ்" என்றாள், இறங்கினாள். அடுத்தவளும் அப்படியே. பையன்கள் பக்கம் சிரிப்பு. என்னை நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? நான் என்ன செய்வேன் என்று நானே சொல்லவில்லையே. பழைய ஒப்பந்தம்தான் பாதுகாப்பு என்று நினைத்துவிட்டார்கள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் சொன்னேன்தானே டீச்சர்," என்று தொடங்கினார்.

அப்போது கதவோரத்திலிருந்து குசுமாவின் குரல் வந்தது. அவளுக்குத் தாங்கவில்லை. "அனே, என்ன இது! போயாவுக்கு ஓட்டுற மாதிரி ஓட்டுங்க பிள்ளைகள்!"

ஒரு அம்மா மெல்லத் திரும்பித் தன் மகளைப் பார்த்தாள். "போயாவுக்கா? சிரமதானம்னுதானேடி போன?"

குட்டு உடைந்துவிட்டது. இனி மறைக்க ஒன்றும் இல்லை. நான் ரேணுகாவைப் பார்த்தேன். அவள் வாசல் பக்கம் பார்த்தாள். சுதாகர் திரீவீலை விட்டு நிமிர்ந்து நின்றான். அவள் பலகையை எடுத்துக்கொண்டு, நடந்து, பெரிய மேடையில் ஏறினாள்.

ஏறினாள், இறங்கினாள், எதிர்மேடை விளிம்பில் திரும்பினாள், மறுபடி வந்தாள். மூன்றாவது தரம் விளிம்பில் பலகை சறுக்கி விழுந்தாள். தோளில் உருண்டு எழுந்து, யாரையும் பார்க்காமல், திரும்ப ஏறினாள். அதற்குள் மற்றவர்களும் பலகைகளோடு தரையில் இறங்கிவிட்டார்கள். ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்துப் போகலாம், அத்தனை பேரையும் எப்படி இழுப்பது? திட்டிய அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பையன்கள் பக்கம் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

மேடத்துக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் நிஜம், அதை நான் குறைசொல்ல மாட்டேன். "டீச்சர்! இவங்க மஞ்சள் இல்ல, நேரா சிவப்பு! நாளைக்கே எல்லாரையும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாத்திடலாம்!"

சுதாகர் வாசலைத் தாண்டி ஒரு அடி வைத்தான். இன்னும் இரண்டு அப்பாமாரும் எழுந்தார்கள். யோசிக்க எனக்குக் கொடுத்திருந்த நேரம் அவ்வளவுதான்.

"இல்ல மேடம்," என்றேன். "இவங்க ஆரம்பம்தான்."

"என்ன?"

"எங்க கிரவுண்டுல ஆரம்பம்னா இதுதான். இவ்வளவு வந்தாத்தான் வெள்ளத் தொப்பி. மஞ்சளுக்கு இன்னும் நெறைய இருக்கு."

"அப்ப அந்தப் பையன்கள்?"

நான் அந்தப் பக்கம் திரும்பினேன். "அவங்களையும் மறுபடி பாக்கணும் மேடம். அவசரப்பட்டுக் குடுத்திட்டோமோன்னு எனக்கு இப்ப சந்தேகமா இருக்கு."

அம்மாமார் வரிசையில் முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும். எழுந்து நின்ற அப்பாமார் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்தார்கள். ஆரம்ப வகுப்புத்தானே, அதற்கு எதற்குச் சண்டை?

மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட அவர் நம்பவில்லை. ஆனால் முன்னேற்றம் இல்லை என்று அவர் இனி சொல்ல முடியாது. ஆரம்பமே இப்படி என்றால் நேரத்தை எப்படிப் பிடுங்குவது? "சனிக்கிழமை அப்படியே இருக்கட்டும்," என்றார் கடைசியில். போகும்போது என் காதருகில், "நீங்க ரொம்ப ஆபத்தான ஆள் டீச்சர்," என்றார். பாராட்டினாரா, எச்சரித்தாரா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் தயாராக இருந்தேன்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுதினால் நீங்கள் என்னைச் சந்தேகப்பட வேண்டும். சிரமதானப் பொய்க்காக இரண்டு வீட்டில் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். நான் போய்ப் பேசியதில் ஒருத்தி திரும்பி வந்தாள். மற்றவள் வரவில்லை. சோமபாலவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் மேல் எனக்கிருந்த சந்தேகம் பாதிதான் போயிருந்தது.

அன்று எல்லோரும் கலைந்த பிறகு ரேணுகா வந்தாள். கையில் தன் வெள்ளை ஹெல்மட். அவள் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப நான் எப்ப மிஸ் செவப்பு?"

"புள்ள, இப்பதானே நேரத்தக் காப்பாத்தினோம். வெள்ளையா இருந்தாத்தான் அது நிக்கும்."

"மத்தவங்களுக்கு அந்த நேரம் வேணும் மிஸ். எனக்குச் செவப்பு வேணும். இவ்வளவு நாளா நாங்க மறைச்சோம். இன்னிக்கு எல்லாரும் பாத்த பெறகு நீங்க மறைக்கிறீங்க."

நான் செய்தது சரிதான். இன்றைக்கும் அதையேதான் செய்வேன். அவள் கேட்டதும் சரிதான். இரண்டும் ஒரே கிரவுண்டில் இருந்தன, நான் என்ன செய்ய?

"உங்க அண்ணன்?" என்றேன்.

அவள் வெள்ளையை என் மேசையில் வைத்துவிட்டு, அலுமாரியிலிருந்து ஒரு சிவப்பை எடுத்து அளவு பார்த்தாள். நான் தடுக்கவில்லை. அவள் விழுந்ததைப் பார்த்தவள் நான், தரம் தெரியாது என்று என்னால் சொல்ல முடியாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். பையன்கள் வழிவிட்டு விலகி நின்றார்கள், எதற்கு என்று அவர்களுக்கே விளங்காமல். அவள் பெரிய மேடையில் ஏறி நிற்கும்போது வெளியே திரீவீல் சத்தம் கேட்டது. சுதாகர் இறங்கி வாசலுக்கு வந்தான். வந்த வேகத்தைப் பார்த்து நான் எழுந்து கதவுப் பக்கம் போனேன்.

அவள் மேலே நின்றபடியே சொன்னாள், பையன்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"அண்ணே, பாக்க வந்தா உள்ள வா. காவலுக்கு வந்தா வெளியவே நில்லு."

சுதாகர் அவளைப் பார்த்தான், பையன்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு குனிந்து, கோயிலுக்குள் போகிறவன் மாதிரி, செருப்பைக் கழற்றி வாசலில் விட்டான். வெறுங்காலோடு உள்ளே வந்து, சனிக்கிழமைகளில் அம்மாமார் உட்காருகிற சுவரோரத்தில் உட்கார்ந்தான்.

அவள் இறங்கினாள்.

நான் அப்போதும் அவனை நம்பவில்லை. அவள் ஓட்டி முடியும்வரை கதவை விட்டு நகரவில்லை.